கெராசிமின் தோள்கள்

டால்ஸ்டாயின் ‘இவான் இலியிச்சின் மரணம்’ 1886இல் வெளிவந்தது. மரணத்தைப் பற்றிய குறுநாவல் என்றுதான் நம்மில் பெரும்பாலோர் அதை வாசிக்கிறோம். தலைப்பும் அப்படித்தான் சொல்கிறது. ஆனால் நோயாளியைச் சுற்றி நிற்பவர்களைப் பற்றிய கதையாகவும் அதை வாசிக்க முடியும். எனக்கு இப்போது அந்த வாசிப்புதான் முக்கியமாகப் படுகிறது. வீட்டில் ஒருவருக்குப் புற்றுநோய் என்று தெரிந்த பிறகு மற்றவர்கள் என்னவாக மாறுகிறோம் என்பதை இவ்வளவு கறாராகச் சொன்ன இன்னொரு புனைவை நான் படித்ததில்லை.

இத்தனைக்கும் நோயின் பெயர் கதையில் கிடையாது. சிறுநீரகமா, குடல்வாலா என்று மருத்துவர்கள் பேசிக்கொண்டே இருக்கிறார்கள். விலாவில் வலி, வாயில் ஒரு கெட்ட ருசி, நாளுக்கு நாள் உருகும் உடம்பு. வாசகர்கள் பலர் புற்றுநோய் என்று ஊகித்திருக்கிறார்கள். டால்ஸ்டாய் அதை உறுதி செய்யவில்லை. அவருடைய கவனம் முழுக்க அந்த வீட்டு மனிதர்கள் மேல் இருக்கிறது.

மனைவி பிரஸ்கோவியாவை எடுத்துக்கொள்வோம். கொடுமைக்காரி என்று அவளை ஒதுக்கிவிடுவது சுலபம். ஆனால் அவள் செய்வது நமக்கு மிகப் பழகிய காரியம். கணவனின் நோய்க்குக் கணவனே காரணம் என்று அவள் ஒரு கணக்கு வைத்திருக்கிறாள். நேரத்துக்கு மருந்து சாப்பிடுவதில்லை, படுக்கக்கூடாத மாதிரி காலைத் தூக்கிவைத்துப் படுக்கிறார் என்று டாக்டரிடமே புகார் சொல்கிறாள். இன்று இதே குரல் வாட்ஸ்அப்பில் வருகிறது. ‘கீமோ எல்லாம் வேண்டாங்க, முள் சீத்தாப்பழம் சாப்பிடச் சொல்லுங்க’, ‘பாசிட்டிவா இருந்தாலே பாதி சரியாயிடும்’. அனுப்புகிறவர்கள் அன்பானவர்கள்தான். ஆனால் குணமாகாவிட்டால் குற்றம் யாருடையது என்பதும் அந்தச் செய்திக்குள்ளேயே இருக்கிறது. சரியாகச் சாப்பிடாதவர், பாசிட்டிவாக இல்லாதவர், ஆக நோயாளிதான்.

கதையில் இவானை வலியைவிட அதிகம் வதைப்பது பொய். அவன் சாகப்போகிறான் என்பது எல்லோருக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். ஆனால் வெறும் உடம்பு சரியில்லை என்ற நாடகத்தில் அவனும் நடிக்க வேண்டும். இதை ருஷ்ய மேட்டுக்குடியின் போலித்தனம் என்று மட்டும் சொல்லிவிட முடியாது. 1961இல் அமெரிக்க மருத்துவர்களிடம் எடுத்த ஒரு கணக்கெடுப்பில், 90 சதவீதம் பேர் புற்றுநோய் என்பதை நோயாளியிடம் சொல்லாமலிருப்பதையே விரும்பினார்கள். 1979இல் அதே கேள்விக்கு 97 சதவீதம் பேர் சொல்லிவிடுவோம் என்றார்கள். 18 வருஷத்தில் அங்கே வழக்கம் தலைகீழானது. நம் வீடுகளில் இன்னும் ரிப்போர்ட்டை வாங்கிக்கொண்டு, ‘அவர்கிட்ட சொல்லிடாதீங்க டாக்டர்’ என்று வெளியே நிற்கிறோம்.

என் பெரியப்பாவிடம் ‘அல்சர்’ என்றுதான் சொல்லி வைத்திருந்தார்கள். ஒருநாள் இரவு நான் துணைக்கு இருந்தபோது கேட்டார். ‘ஏண்டா, ஃபைல் மேலயே ஆங்காலஜினு போட்டிருக்கான். எனக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாதா?’ கொஞ்ச நேரம் கழித்து, ‘எனக்குத் தெரியும்னு பெரியம்மாகிட்ட சொல்லிடாத. தாங்க மாட்டா’ என்றார். பெரியம்மாவும் இதே வார்த்தையை, இதே காரணத்தோடு, என்னிடம் ஏற்கெனவே சொல்லியிருந்தார். கதையில் இவானுக்குத் தன் வீட்டார் மேல் இரக்கம் வருவது கடைசி மணி நேரத்தில்தான். டால்ஸ்டாய் அதை விடுதலையாக எழுதுகிறார். பெரியப்பாவுக்கு அந்த இரக்கம் முதல் நாளே வந்துவிட்டது. அதனால் ஒரே அறையில் இரண்டு பேரும் தனித்தனியாகப் பயந்துகொண்டிருந்தார்கள். குடும்பத்தில் பொய் சொல்ல வைப்பது போலித்தனம் மட்டுமல்ல, அன்பும்தான். டால்ஸ்டாய் இந்தப் பக்கத்தை அவ்வளவாகப் பார்க்கவில்லை என்பது என் எண்ணம்.

அவர் பார்த்தது கெராசிமை. வீட்டில் எடுபிடி வேலை செய்யும் கிராமத்து இளைஞன். இவானின் மலச்சட்டியை எடுப்பவன் அவன்தான். எசமானின் கால்களைத் தன் தோளில் வைத்துக்கொண்டு இரவெல்லாம் உட்கார்ந்திருக்கிறான். மற்றவர்களின் ஆரோக்கியம் இவானை எரிச்சலூட்டுகிறது, கெராசிமுடையது ஆறுதலாக இருக்கிறது. ஏனென்றால் அவன் ஒருவன்தான் பொய் சொல்வதில்லை. எல்லோரும் ஒருநாள் போகிறவர்கள்தானே, கொஞ்சம் சிரமப்பட்டால் என்ன என்கிற அர்த்தத்தில் பேசிவிட்டு வேலையைப் பார்க்கிறான். உண்மையும் உடலுழைப்பும் அவனிடம் சேர்ந்தே இருக்கின்றன. தைரியம் சொல்ல அவனிடம் வார்த்தையே இல்லை.

நம் சினிமாவில் கெராசிம்கள் அநேகமாக இல்லை. அடையாறு புற்றுநோய் மருத்துவமனை தொடங்கியது 1954இல். எட்டு வருஷம் கழித்து ஸ்ரீதரின் ‘நெஞ்சில் ஓர் ஆலயம்’ வந்தது. கிட்டத்தட்ட முழுப் படமும் ஆஸ்பத்திரிக்குள்தான். ஆனால் அங்கே நோய் என்பது கணவன், மனைவி, பழைய காதலனான டாக்டர் மூவரின் தியாகத்தைச் சோதிக்கும் கருவி. வாந்தியை யார் துடைத்தார்கள் என்ற கேள்வி அந்த அழகான ஒளிப்பதிவுக்குள் வருவதில்லை.

கெராசிமிடமும் எனக்கு ஒரு குறை உண்டு. அவன் களைப்பதே இல்லை. டால்ஸ்டாயின் லட்சிய விவசாயி அவன். தூக்கமில்லாமல் அவன் சிடுசிடுக்கும் ஒரு வரிகூட இல்லை. நிஜத்தில் கெராசிமின் வேலையை மனைவியோ மகளோ மருமகளோ செய்கிறார்கள், சம்பளமில்லாமல், மாதக்கணக்கில். என் பெரியம்மா செய்தார். அவருக்கு அதற்கு முன்பே முதுகுவலி.

நான் இருக்கும் மென்பொருள் துறையில், சர்வர் விழுந்தால் நடுராத்திரி எழுந்திருக்க ஒருவரையே மாதக்கணக்கில் வைக்க மாட்டோம். முறை போட்டு மாற்றுவோம். ஒரு இயந்திரத்துக்கு நாம் தரும் ஏற்பாடு அது. நண்பர் வீட்டில் இப்படி ஒரு செய்தி வந்தால், ‘ஏதாவது வேணும்னா சொல்லுங்க’ என்று சொல்லிவிட்டு வருவதைவிட, ‘செவ்வாய்க்கிழமை ராத்திரி நான் இருக்கேன், அக்கா நீங்க வீட்ல போய்த் தூங்குங்க’ என்பது மேல். கெராசிமுக்கு அப்படி யாரும் சொன்னதாகக் கதையில் இல்லை.