தோற்கருவியும் ஒலிப்பதிவும்
ஹெவி மெற்றல் முழவு பற்றியதோர் ஆய்வு

தொல்காப்பியனார் கருப்பொருள்களை எண்ணுமிடத்துத் தெய்வம், உணா, மா, மரம், புள் என்பனவற்றோடு பறையையும் ஒருங்குவைத்து எண்ணினார். பின்வந்த இலக்கணத்தார் குறிஞ்சிக்குத் தொண்டகப்பறை, முல்லைக்கு ஏறுகோட்பறை, நெய்தற்கு மீன்கோட்பறை, பாலைக்குத் துடி என வகுத்துரைத்தனர். நிலத்தின் இயல்பும் அந்நிலத்து மாந்தரின் தொழிலும் அவர்தம் பறையிலே ஒலிக்கும் என்பது இவ்வகுப்பின் உட்கிடை. அங்ஙனமாயின், உலைக்களமும் ஆலைப்புகையும் நிறைந்த கைத்தொழில் நகரத்தையும் ஒரு நிலமாகக் கொண்டால், அந்நிலத்துப் பறை யாது என்று வினவுதல் முறையாகும். மேனாட்டார் ஹெவி மெற்றல் என வழங்கும் இசையின் முழவுத் தொகுதியே அப்பறை என்பது எம் கருத்து. அம்முழவை ஒலிப்பதிவுக் கூடத்துக்குக் கொண்டுசெல்லும் கலைஞன் கருவிகளை எவ்வாறு தேர்கின்றான் என்பதையும், அத்தேர்விலிருந்து மலையகத்தாராகிய நாம் அறியத்தக்கது யாது என்பதையும் ஈண்டு ஆராய்வாம்.

இவ்விசை வெற்றிரைச்சல் என்று கூறுவார் பலர். யானும் பல்லாண்டு அவ்வாறே எண்ணியிருந்தேன். ஆயினும் ஒரு கலையின் கருவிகளையும் அவற்றை ஆள்வோர் படும் பாட்டையும் அறியாமல் அதனைப் பழித்தல் திறனாய்வு ஆகாது.

இதன் பிறப்பிடம் இங்கிலாந்தின் பேர்மிங்ஹாம் நகரம். அந்நகரத்து இளைஞர் நால்வர் அமைத்த பிளாக் சபத் என்னும் குழுவின் முதல் இசைத்தட்டு 1970 பெப்ரவரியில் வெளிவந்தது. அது முந்திய ஆண்டின் இறுதிப்பகுதியில் லண்டனில் ஏறத்தாழ ஒரே நாளிற் பதிவு செய்யப்பட்டதாகும். அக்குழுவின் கிற்றார்க் கலைஞர் ரொனி அயோமி, உலோகத் தகட்டு ஆலையில் வேலை செய்கையில் இரு விரல்களின் நுனியை இழந்தவர். பின்னாளில் அவர் தம் கருவியின் தந்திகளைத் தளர்த்திச் சுருதியைத் தாழ்த்தினார். இவ்விசையின் கனத்த குரலுக்கு அது வழிகோலிற்று. எனவே ஆலையோடு இவ்விசைக்குள்ள உறவு வெறும் உவமை அன்று. இவ்விசை பின்னர்ப் பல நாடுகளுக்கும் பரவியது. சிங்கப்பூரில் 1992இல் தோன்றிய ருத்ரா என்னும் குழு வேதாந்தக் கருத்துக்களையும் வடமொழிச் சுலோகங்களையும் இவ்விசையோடு பொருத்தியது. அதன் முதல் இசைத்தொகுதி 1998இல் வெளிவந்தது. ஆதலின் இது நமக்கு முற்றிலும் அயலானது என்றும் கூறுதற்கில்லை.

இனி அம்முழவுத் தொகுதியின் உறுப்புக்களைக் காண்போம். காலால் மிதித்து அறையப்படும் பெருமுழவு, பெரும்பாலும் 22 அங்குல விட்டம் உடையது. அடியிலே கம்பிச்சரம் பூட்டப்பெற்ற 14 அங்குலச் சிறுமுழவு ஸ்னேர் எனப்படும். இவற்றோடு டொம் எனப்படும் பல அளவின முழவுகளும் வெண்கலத் தட்டங்களும் சேரும். ஹெவி மெற்றலுக்குச் சிறப்பாய் அமைந்தது, இரு கால்களாலும் மாறிமாறிப் பெருமுழவை அறையும் முறை. இதற்கு இரண்டு பெருமுழவுகளை வைப்பாரும் உளர். ஒரே முழவில் இரட்டை மிதியைப் பூட்டுவாரும் உளர்.

இவ்விரட்டை மிதியே பதிவில் முதற் சிக்கலை விளைவிக்கின்றது. பெருமுழவின் தாழ்ந்த ஒலி எழுந்து அடங்கச் சிறிது நேரம் வேண்டும். அடி விரைந்து விழுங்கால் முன்னொலி அடங்குமுன் பின்னொலி எழுந்து இரண்டும் கலந்து ஒரே முழக்கமாய்விடும். இதனைத் தவிர்க்கவே கலைஞர் முழவினுள்ளே தலையணையோ போர்வையோ வைத்து அதிர்வைக் குறைக்கின்றனர். மென்மையான கம்பளித் தலைக்கு மாறாக மரத்தாலோ பிளாஸ்ரிக்காலோ ஆன வன்தலையை மிதியிற் பூட்டுகின்றனர். ஒலிவாங்கியை முழவின் உள்ளே, தோலை அணுக வைக்கின்றனர். அடியின் முனை தெளிவாய்க் கேட்கும். ஆனால் முழவின் வயிற்றொலி குன்றும். ஒன்றைப் பெற ஒன்றை இழத்தல் வேண்டும். எதனை எவ்வளவு இழக்கலாம் என்பதைப் பாட்டின் வேகம் நோக்கி முடிவு செய்தலே கலைஞனின் முதற் கடமை.

தட்டங்களிலும் இத்தகைய நிலை உண்டு. மேடையிலே கிற்றார்களின் பேரொலியைக் கிழித்துச் செல்லத் தடித்த தட்டங்கள் உதவும். பதிவுக் கூடத்திலோ அவற்றின் ஒலி எல்லா ஒலிவாங்கிகளிலும் புகுந்து ஏனைய முழவுகளை மறைத்துவிடும். ஆதலின் மேடைக்குத் தடித்ததும் கூடத்துக்குச் சற்று மெல்லியதும் கொள்வார் பலர். பதிவுக்குமுன் தோல்களை மாற்றுதலும், பாட்டுக்குப் பாட்டுச் சுருதி திருத்துதலும், கிரீச்சிடும் மிதிக்கு எண்ணெயிடுதலும் சிறு செயல்களாய்த் தோன்றும். காது மறந்துவிடும் கிரீச்சொலியை ஒலிவாங்கி மறப்பதில்லை என்பதை அறிந்தோர்க்கே இவற்றின் அருமை விளங்கும்.

தோல் என்றேனும், இன்று அம்முழவுகளில் உள்ளது பெரும்பாலும் விலங்கின் தோல் அன்று. முற்காலத்தில் மேனாட்டாரும் கன்றின் தோலையே போர்த்தனர். ஈரக்காற்றில் அது தளரும், வெப்பத்தில் இறுகும். இத்தொல்லைக்கு முடிவுகட்டிய பொலியெஸ்ரர் மென்தகடு 1950களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் வழக்குக்கு வந்தது. மழையானாலும் வெயிலானாலும் ஒரே சுருதி என்பது அதன் சிறப்பு. ஐயாயிரம் அடிக்கு மேலே, மாலை மூன்று மணிக்கே பனிமூட்டம் படியும் நானுஓயாவில் வாழும் எமக்கு இச்சிறப்பின் பெருமையை எவரும் விளக்க வேண்டுவதில்லை. மாசி மாதக் காமன் கூத்தில், தப்படிப்போர் கூத்துக்கு இடையிடையே மிலாறும் சருகும் கொளுத்தித் தப்பைத் தீயிற் காட்டுவதைக் கண்டோர் அறிவர், தோல் என்பது வானிலையோடு போராடும் பொருள் என்று.

ஆனால் இப்போராட்டத்தைக் குறை என்று மட்டும் கொள்ளலாமோ? நம் முன்னோர் தோலைத் தேர்வதையே கலையின் பகுதியாகக் கொண்டனர். இரண்டு ஏறுகளைப் பொரவிட்டு, வென்ற ஏற்றின் தோலை மயிர் சீவாது முரசுக்குப் போர்த்த செய்தியைப் புறநானூற்றிற் காண்கின்றோம். மிருதங்கத்தின் வலக்கண்ணில் நிலையாய் அமையும் கருஞ்சோறும் இடக்கண்ணில் கச்சேரிதோறும் அப்பும் ரவையும் அத்தகைய ஆராய்ச்சியின் பயனே. சுமையேற்றிய அக்கண் நரம்புக்கருவி போல இசையியைபுடைய மேற்சுரங்களைத் தருவதைச் சேர். சி. வி. இராமன் 1920இல் அறிவியல் உலகுக்கு எடுத்துரைத்தார். பாலக்காடு மணி ஐயர் ஒலிபெருக்கியை விரும்பாதவர். தம் மிருதங்கத்தின் நாதத்துக்காகத் தஞ்சையைச் சேர்ந்த பர்லாந்து என்னும் கைவினைஞரோடு நெடுங்காலம் உழைத்தவர். அக்கைவினைஞர் மரபின் வரலாற்றை டி. எம். கிருஷ்ணா 2020இல் நூலாக்கிய பின்னரே, தோலை உரித்துப் பதப்படுத்தி வார்பிடித்த கைகளின் பெயர் பலர்க்குத் தெரியவந்தது. வாசிப்பவனுக்கு மாலையும் செய்தவனுக்குத் தீண்டாமையும் கொடுத்த சமுதாயம் நம்முடையது. தப்பைக் கையிலெடுத்தவனுக்கு அந்த மாலையும் கிட்டவில்லை.

இனிப் பதிவின் அறத்துக்கு வருவோம். இரண்டு எடுத்துக்காட்டுக்கள் போதும்.

முதலாவது, இவ்விசைக்கு முன்னோடியான லெட் செப்பிலின் குழுவின் நான்காம் இசைத்தட்டு. 1971இல் வெளிவந்த அத்தட்டின் இறுதிப் பாட்டுக்கு, ஜோன் பொனம் என்னும் கலைஞரின் முழவுகளை ஒரு பழைய மாளிகையின் மாடிப்படியடிக் கூடத்தில் வைத்தனர். மேலிருந்து இரண்டே ஒலிவாங்கிகளைத் தொங்கவிட்டனர். முழவொலியோடு அக்கூடத்துச் சுவர்களின் எதிரொலியும் பதிவாயிற்று. அங்கே வீடும் ஒரு கருவியாய் அமைந்தது.

இரண்டாவது, மெற்றாலிக்கா குழு 2003இல் வெளியிட்ட சென்ற் ஆங்கர் என்னும் தொகுதி. லார்ஸ் உல்ரிக் தம் ஸ்னேர் முழவின் கம்பிச்சரத்தைத் தளர்த்திவிட்டே அதனை அறைந்தார். தகரத்தை அடிப்பது போன்ற அவ்வொலியை உலகெங்கும் இரசிகர் எள்ளினர். அப்பாட்டுக்கள் பின்னர்த் துண்டுதுண்டாய்த் தொகுக்கப்பட்டனவும் ஆம். எமக்கும் அவ்வொலி உவப்பன்று. ஆயினும் அது ஒரு கலைஞன் தன் காதாற் கேட்டுத் தேர்ந்த ஒலி. தேர்வு பிழைக்கலாம், பிழைத்த தேர்வும் அவனுடையதே. அதனைக் குறைகூறலாம், பொய் எனல் ஆகாது.

பொய் என்னத்தக்கது வேறொன்று. முழவின்மேல் ஓர் உணர்கருவியைப் பொருத்தி, அடி விழுந்த நொடியை மட்டும் அதனிடமிருந்து பெற்று, எழுந்த ஒலியை நீக்கி, முன்னரே பிறர் பதிந்துவைத்த ஒலியை அவ்விடத்தில் வைக்கும் முறை இவ்விசையிற் பெருவழக்காயுள்ளது. மிகு வேகத்திலே கால் தளர்ந்த அடிகளை நேராக்கவும் தெளிவாக்கவும் இது உதவும். உண்மையொலிக்குத் துணையாய்ச் சிறிது கலப்பாரை யாம் கடியோம். முற்றும் மாற்றிவிடுமிடத்தோ, இத்துணை ஆராய்ந்து தோலும் தலையும் தட்டமும் தேர்ந்தமையால் ஆய பயன் என்? எல்லாக் கலைஞர்க்கும் ஒரே முழவு என்றாகிவிடும். மென்மையாய் விழுந்த அடியும் வன்மையாய் விழுந்த அடியும் ஒன்றாகிவிடும்.

இக்கருத்து எமக்கு நூலறிவால் வந்ததன்று. எம்மிடம் உயர்தர வகுப்பிற் பயின்ற மாணவன் ஒருவன் இவ்விசையில் ஈடுபட்டு முழவு பயின்றான். அவன் தந்தையார் தோட்டத்துக் காமன் கூத்துக்குத் தப்படிப்பவர். அவர்தம் தந்தையார் விடியுமுன் பெரட்டுக்குத் தப்படித்து லயங்களை எழுப்பியவர். சில ஆண்டுகளுக்கு முன் அம்மாணவனும் நண்பரும் தாம் இயற்றிய பாட்டொன்றிலே தந்தையாரின் தப்பையும் சேர்க்க விரும்பி, அவரையும் அழைத்துக்கொண்டு கொழும்பிலுள்ள ஒரு பதிவுக் கூடத்துக்குச் சென்றனர். குளிரூட்டிய அறையிலே தப்பு தளர்ந்தது. தீமூட்ட இடமில்லை. மூன்று மணி நேரத்துக்கே பணம் கட்டியிருந்தனர். தளர்ந்த தப்பையே அடிக்கச் செய்து, பின்னர் அவ்வொலியை அகற்றிக் கணினியில் இருந்த வேறொரு பறையொலியை வைத்து முடித்தனர்.

பாட்டை எம் வீட்டில் வைத்துக் கேட்டோம். பிழையில்லாமல் இருந்தது. தந்தையார் இறுதிவரை கேட்டுவிட்டு, "நல்லாத்தாங்க சேர் இருக்கு, ஆனா இது நம்ம தப்பு இல்லீங்க" என்றார். மாணவன் தலைகுனிந்திருந்தான். தன் ஸ்னேர் முழவுக்கு இரண்டு நாள் செலவிட்டுத் தோல் தேர்ந்தவன் அவன். தந்தையின் தப்புக்கு அரை மணி நேரமும் ஒதுக்கவில்லை என்பதை அப்போதுதான் உணர்ந்தான் போலும். அவனை யாம் கடிந்துகொள்ளவில்லை. மேனாட்டு முழவு ஆராய்ச்சிக்குரியது, தப்பு எப்படியும் ஒலிக்கும் என்னும் எண்ணத்தை அவனுக்குக் கற்பித்தவர் நாமே. பாடசாலை மேடையிலே தப்புக்கு இடங்கொடாத ஆசிரியருள் யானும் ஒருவனாய் இருந்தேன்.

ஆகவே ஹெவி மெற்றல் முழவரிடமிருந்து நாம் கற்கத்தக்கது அவர்தம் விரைவன்று. தம் கருவிமாட்டு அவர் காட்டும் அக்கறையே. தப்பைப் பதிவு செய்யப் புகுவோர் ஒன்றுக்கு மூன்று தப்புக்களைக் கொண்டுசெல்க. வெளிமுற்றத்தில் தீமூட்ட இடமுண்டோ என முன்னரே வினவுக. ஒன்று தளர மற்றொன்று காய்ந்து ஆயத்தமாய் இருக்கட்டும். மெல்லிய நீளக்குச்சியின் ஒலியும் தடித்த குறுங்குச்சியின் ஒலியும் வேறுவேறாய்க் கேட்க வேண்டுமாதலின், ஒலிவாங்கியைத் தோலை ஒட்டி வையாது சில அடி விலக்கி வைத்துப் பார்க்க. தப்பு வெளியிற் பிறந்த கருவி. இயலுமாயின் கூடத்தை விட்டு, தோட்டத்துக் கோயில் மண்டபத்திலோ வாசிகசாலையிலோ பதிவு செய்க. மாளிகைப் படிக்கட்டு ஆங்கிலேயருக்கு உதவியதாயின், மாரியம்மன் கோயில் மண்டபம் நமக்கு ஏன் உதவாது?

இவ்வாண்டு மாசியில் அம்மாணவன் கடன்வாங்கிய இரண்டு ஒலிவாங்கிகளோடு காமன் கூத்துக்கு வந்திருந்தான். பனி இறங்கிய இரவு அது. தப்புக்கள் மூன்று முறை தீயிற் காட்டப்பட்டன. அம்மூன்று முறையும் அவன் பதிவை நிறுத்தவில்லை. மிலாறு வெடிக்கும் ஓசையும், தோல் இறுக இறுக ஏறும் சுருதியும், தந்தையார் விரலால் தட்டிப்பார்த்து "ம், போதும்" என்று கூறுவதும் அப்பதிவில் உள்ளன. அவற்றை வெட்டிவிடலாமோ என்று எம்மைக் கேட்டான். வேண்டா என்றேன்.