களரிக்குள் வராத ஊர்கள்

கலையைக் கற்பித்து ஓர் ஊரின் மனத்தை மாற்ற முடியும் என்பதற்கு மட்டக்களப்பார் வெளியூர்ச் சான்று தேட வேண்டியதில்லை. வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையிலும் மேற்கே படுவான்கரையிலும் தலைமுறைகளாகப் பழக்கிவந்த கூத்து இருக்கிறது. அந்தக் கற்பித்தலால் எதைச் சாதிக்க முடியும், எதைச் சாதிக்க முடியவில்லை என்பதையே இங்கே பார்க்க வேண்டியிருக்கிறது.

கூத்துப் பழக்குவதே ஒரு கல்விமுறைதான். எந்தக் கூத்து என்று ஊர் கூடி முடிவெடுக்கும். கூத்துப் பழக்கும் ஆசானான அண்ணாவியார் ஆளையும் குரலையும் பார்த்துப் பாத்திரம் பங்கிட்டுச் சட்டம் (அவரவர் பாட்டும் வசனமும் எழுதிய ஏடு) கொடுப்பார். பிறகு மாதக்கணக்கில் இரவுப் பழக்கம். தாளக்கட்டை வாயால் சொல்லி, மத்தளத்தில் தட்டி, ஆட்டக்காரரின் காலில் இறக்குவார். கால் தவறினால் மத்தளம் நிற்கும், மறுபடி முதலிலிருந்து. சதங்கை கட்டி, அடுக்குப் பார்த்து (முழு ஒத்திகை), அரங்கேற்றி, கடைசியில் வீட்டுக்கு வீடு போய் ஆடுவார்கள். இரண்டு குடும்பங்களுக்குள் பேச்சுவார்த்தை இல்லாவிட்டாலும், ஒரு வீட்டுப் பிள்ளை அருச்சுனனும் மற்ற வீட்டுப் பிள்ளை கர்ணனும் என்றால் இரவுதோறும் ஒரே களரியில் நின்றே ஆகவேண்டும். எத்தனை கருத்தரங்கு வைத்தாலும் இதைச் செய்ய முடியாது.

ஆனால் இந்தக் களரி எல்லோருக்கும் சமமாகத் திறந்திருக்கவில்லை. பெண் பாத்திரத்தையும் ஆண்களே ஆடினார்கள். மத்தளத்துக்குக் கிடைத்த மதிப்பு பறைமேளத்துக்குக் கிடைக்கவில்லை; காரணம் சாதி. கூத்துக் கொப்பிகளிலும் போரும் பெண்ணை இழிக்கும் வரிகளும் கேள்வியின்றி வந்துகொண்டிருந்தன.

1960களில் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் ‘கர்ணன் போர்’ (1962), ‘இராவணேசன்’ முதலியவற்றை மேடையேற்றியபோது, படித்தவர்கள் கூத்தை மதிக்கத் தொடங்கினார்கள். அது பெரிய காரியம். ஆனாலும் விடிய விடிய ஆடிய கூத்து அங்கே சுருங்கி, வட்டக்களரியை விட்டுப் படச்சட்ட மேடைக்குப் போனது. மேடையேறியது கூத்து; கூத்தை வளர்த்த ஊர் மேடைக்கு வெளியே நின்றுவிட்டது.

2000களின் தொடக்கத்தில் சி. ஜெயசங்கரும் ‘மூன்றாவது கண்’ என்ற குழுவினரும் மட்டக்களப்புச் சீலாமுனையில் தொடங்கிய கூத்து மீளுருவாக்கம் இந்த இடைவெளியைக் குறிவைத்தது. கூத்தை ஊரிலிருந்து எடுக்காமல், அண்ணாவியாரோடும் ஆட்டக்காரரோடும் உட்கார்ந்து கொப்பியை வாசித்து, சாதியும் ஆணாதிக்கமும் எங்கே இருக்கின்றன என்று பேசினார்கள். மாற்றுவதா வேண்டாமா என்பது ஆடுகிறவர்களின் முடிவு. வெளியிலிருந்து நீதி சொல்ல வரும் தெருவெளி நாடகத்தைவிட இது வலுவானது என்றே கருதுகிறேன். ஏனென்றால் ஒரு வரியை மாற்ற வேண்டுமானால் அந்த வரியைப் பாடியவரே வாதாட வேண்டியிருக்கிறது. இதன் பலவீனம் நேரம்தான்: பழக்கம் நீண்டது, அண்ணாவிமார் வயதானவர்கள், இளைஞர்கள் வேலை தேடி வெளிநாடு போகிறார்கள். அதனால் பல பாடசாலைகளில் கூத்து என்றால் தமிழ்மொழித் தினப் போட்டிக்கான சில நிமிட உருப்படி என்றாகிவிட்டது. அங்கே ஆட்டம் மட்டும்தான் மிஞ்சுகிறது, ஊர் கூடிப் பேசும் பேச்சு இல்லை.

எல்லாவற்றையும்விடப் பெரிய குறை வேறு. எடுத்துக்காட்டாக, தேற்றாத்தீவு என்ற ஊர் மட்டக்களப்பு–கல்முனை வீதியில் இருக்கிறது. வடக்கே காத்தான்குடி, தெற்கே மருதமுனை என முஸ்லிம் ஊர்கள், இடையிடையே தமிழூர்கள். எல்லோருக்கும் தமிழே தாய்மொழி. ஆனாலும் பிள்ளைகள் படிப்பது பெரும்பாலும் வேறு வேறு பாடசாலைகளில். 1990இல் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்களும், அடுத்த மாதமே சத்துருக்கொண்டானில் தமிழர்களும் கொல்லப்பட்டார்கள். அந்தக் காயத்தைக் கூத்துக்களரி தொடவே இல்லை. கோயில் வீதியில் பாரதக்கதை ஆடும் களரியில் முஸ்லிம் அயலவர் அதிகம் போனால் பார்வையாளர்.

1996இல் பாதிரியார் போல் சற்குணநாயகமும் கனேடியக் கலைஞர் போல் ஹோகனும் தொடங்கிய வண்ணத்துப்பூச்சிப் பூங்கா இதைத் துணிந்து தொட்டது. போர்க்காலத்திலேயே தமிழ், முஸ்லிம் ஊர்ப் பிள்ளைகளைப் பஸ்ஸில் ஏற்றி வந்து ஒரே வளவில் களிமண் பிசையவும் படம் கீறவும் கதை கட்டவும் விட்டார்கள். அதை மதிக்காமல் இருக்க முடியாது. ஆனால் பின்னேரம் பிள்ளை திரும்பிப் போவது மாறாத வீட்டுக்கு. கூத்தில் முழு ஊரும் பழகும், அயலூர் வராது. பூங்காவில் அயலூர் வரும், பெரியவர்கள் வரமாட்டார்கள்.

முஸ்லிம் பிள்ளையை அருச்சுனனாக ஆடச் சொல்வது இதற்குத் தீர்வல்ல. அது நல்லிணக்கத்தின் பெயரில் இன்னொரு திணிப்பு. அவர்களுக்குக் களிகம்பு ஆட்டம் இருக்கிறது, றபான் தட்டிப் பாடும் பக்கீர் பைத் இருக்கிறது. களரியில் எவ்வளவு பொறுமையாக வடமோடிக் கூத்துப் பழக்குகிறோமோ அவ்வளவு பொறுமையாக அவற்றைப் பார்க்கவும் கேட்கவும் நம் பிள்ளைகள் பழக வேண்டும். வீட்டுக்கு வீடு ஆடும் வழக்கம் ஏன் ஊருக்கு ஊர் போகக்கூடாது?

பட்டிருப்புக் கல்வி வலயமும் மட்டக்களப்பு மத்தி வலயமும் சேர்ந்து, ஒரு தமிழ்ப் பாடசாலையையும் ஒரு முஸ்லிம் பாடசாலையையும் ஒரு முழு ஆண்டுக்கு இணைத்துப் பார்க்கட்டும். போட்டி வேண்டாம், பரிசும் வேண்டாம். அண்ணாவியாருக்கும் களிகம்பு பழக்குபவருக்கும் ஆசிரியருக்குரிய கொடுப்பனவு கொடுங்கள். பெற்றோரையும் அழையுங்கள்.