அகழ்வாய்வுக்கு ஒரு பதிவு இலக்கணம்: ஒரு மதிப்பீடு

ஒரு குடுவை அறையின் தரைக்கு மேலே கிடந்ததா, தரைக்கு அடியிலே கிடந்ததா? மிகச் சிறிய கேள்வியாகத்தான் தோன்றும். ஆனால் 1960களில் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இரு அறிஞர்களை எதிரெதிரே நிறுத்தி, புகழ்பெற்ற ஓர் அகழ்வாய்வின் நாணயத்தையே ஐயத்துக்கு உள்ளாக்கியது இத்தகைய கேள்விதான். அந்த வழக்கை முதலில் சொல்லிவிட்டு, அகழ்வாய்வு விவரங்களைப் பதிவு செய்ய இன்று வகுக்கப்பட்டுள்ள ஒரு முறையை எடைபோட்டுப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

நாசஸ் வழக்கு

கிரீட் தீவிலுள்ள நாசஸ் என்னும் இடத்தில் 1900ஆம் ஆண்டு மார்ச் மாதம் ஆர்தர் ஈவன்ஸ் தோண்டத் தொடங்கினார். சில வாரங்களுக்குள்ளேயே எழுத்துப் பொறித்த களிமண் பலகைகள் வெளிவந்தன. 'லீனியர் பி' என்று பெயர் பெற்ற அந்த எழுத்தை 1952இல் மைக்கேல் வென்ட்ரிஸ் படித்துக் காட்டினார். அதன் மொழி பழைய கிரேக்கம் என்று தெரிந்தது. பலகைகள் கி.மு. 1400ஐ ஒட்டியவை என்பது ஈவன்ஸின் முடிவு. ஆனால் கிரேக்கப் பெருநிலத்தில் பைலஸ் என்னும் இடத்தில் 1939இல் கிடைத்த இதே எழுத்துப் பலகைகளுக்குக் கி.மு. 1200ஐ ஒட்டிய காலம் கூறப்பட்டது. இருநூறு ஆண்டு இடைவெளியிருந்தும் இரண்டும் இவ்வளவு ஒத்திருக்குமா என்ற ஐயம் எழுந்தது.

மொழியியல் பேராசிரியர் லெனார்டு பாமர், ஈவன்ஸின் உதவியாளரான டங்கன் மெக்கன்சி களத்தில் அன்றாடம் எழுதிவந்த நாட்குறிப்பேடுகளைப் புரட்டினார். ஓர் அறையில் குதிரைச் சேணத்தின் அங்கவடி போன்ற கைப்பிடியுடைய பிற்காலக் குடுவைகளும், இப்பலகைகளும் கிடைத்திருந்தன. குடுவைகள் தரையின்மேல் இருந்தன, பலகைகள் அத்தரைக்கு அடியில் இருந்தன என்று ஈவன்ஸ் எழுதினார். அப்படியானால் பலகைகள் குடுவைகளுக்கு முந்தியவை. நாட்குறிப்பேடு அவ்வாறு கூறவில்லை, இரண்டும் ஒரே காலத்தவை என்று பாமர் வாதிட்டார். தொல்லியல் அறிஞர் ஜான் போர்டுமன் இதை மறுத்தார். 1963இல் இருவருடைய வாதங்களும் ஒரே நூலின் இரு பகுதிகளாக வெளிவந்தன.

யாரைக் கேட்பது? மெக்கன்சி 1934இலும் ஈவன்ஸ் 1941இலும் மறைந்துவிட்டார்கள். வெட்டி எடுத்த மண்ணோ திரும்பி வராது. வேதியியல் மாணவர் சோதனையில் தவறினால், குழாயைக் கழுவிவிட்டு மறுபடியும் செய்யலாம். அகழ்வாய்வாளருக்கு அந்த வசதி இல்லை. ஓர் இடத்தை ஒரு முறைதான் தோண்டமுடியும். தோண்டும் செயலே சான்றை அழித்துவிடுகிறது. எஞ்சுபவை எடுத்த பொருள்களும் எழுதிய குறிப்புகளுந்தான். குறிப்பு கெட்டால் பொருளும் பாதி ஊமையாகிவிடும்.

அட்டவணையின் போதாமை

மண்ணடுக்குகளின் வரிசையைத் தெளிவாகக் காட்டும் முறை ஒன்றை எட்வர்டு ஹாரிஸ் 1973இல் கண்டார். இங்கிலாந்தின் வின்செஸ்டர் நகரில் நடந்த அகழ்வாய்வின் விவரங்களை ஒழுங்கு செய்யும்போது அவருக்கு இது தோன்றியது. ஒவ்வோர் அடுக்கும் ஒரு கட்டம். எது முந்தியது, எது பிந்தியது என்பதை இணைப்புக் கோடுகள் காட்டும். இன்றும் உலகெங்கும் இம்முறை வழக்கில் இருக்கிறது.

பின்னர்க் கணிப்பொறி வந்தது. ஒவ்வோர் அகழ்வாய்வுக் குழுவும் தனக்கேற்ற அட்டவணைகளை அமைத்துக்கொண்டது. ஒரு குழு 'அடுப்பு' என்று எழுதியதை இன்னொன்று 'தீ மூட்டிய இடம்' என்று எழுதலாம். ஒன்றில் 'காலம்' என்ற தலைப்பின்கீழ் இருப்பது பானை செய்யப்பட்ட காலம். மற்றொன்றில் அதே தலைப்பின்கீழ் இருப்பது அது குழியில் எறியப்பட்ட காலம். இத்தகைய இரண்டு அட்டவணைகளை ஒன்றாக்கிக் கேள்வி கேட்டால் கணிப்பொறி தயங்காமல் தவறான விடையைத் தரும்.

இந்தச் சிக்கலைத் தீர்க்க வந்ததே 'ஆன்டாலஜி' எனப்படும் பொருளுறவு அமைப்பு. தத்துவத்தில் இச்சொல் 'உள்ளவை எவை' என்னும் ஆராய்ச்சியைக் குறிக்கும். கணிப்பொறி இயலில் இதன் பொருள் சற்று எளியது: ஒரு துறையில் எந்தெந்த வகைப் பொருள்கள் உள்ளன, அவற்றுக்கிடையே எந்தெந்த உறவுகள் இருக்கலாம் என்று ஐயத்துக்கு இடமின்றி வரையறுக்கும் இலக்கணம் எனலாம்.

பன்னாட்டு அருங்காட்சியகப் பேரவையின் ஆவணக் குழு 1996இல் இப்பணியைத் தொடங்கியது. அதன் விளைவான 'சிடாக் சி.ஆர்.எம்.' என்னும் அமைப்பு 2006இல் ஐ.எஸ்.ஓ. 21127 என்ற எண்ணுடன் உலகத் தரமாயிற்று. இதை உருவாக்கியவர்களுள் முதன்மையானவர் மார்ட்டின் டோயர். அவர் பணியாற்றிய ஆராய்ச்சி நிலையம் கிரீட் தீவின் ஹெராக்லியோனில், நாசஸ் அரண்மனைக்குச் சில கிலோமீட்டர் தொலைவிலேயே இருக்கிறது! இவ்வமைப்பில் ஏறத்தாழ 80 பொருள் வகைகளும் 150க்கு மேற்பட்ட உறவுகளும் உள்ளன. அகழ்வாய்வுக்கென்று 'சி.ஆர்.எம். ஆர்க்கியோ' என்ற துணையமைப்பும், வாதங்களையும் முடிவுகளையும் பதிய இன்னொரு துணையமைப்பும் பின்னர் ஏற்பட்டன.

பாராட்டத்தக்கவை

இம்முறையின் முதல் சிறப்பு, பொருளை நடுவில் வைக்காமல் நிகழ்ச்சியை நடுவில் வைப்பது. உங்கள் வீட்டுப் பழைய பித்தளைக் குடத்தின் 'காலம்' எது? வார்த்த ஆண்டா, வாங்கிய ஆண்டா, பரணில் ஏற்றிய ஆண்டா? குடத்துக்கென்று ஒரே காலம் இல்லை. அதற்கு நேர்ந்த ஒவ்வொன்றுக்கும் ஒரு காலம் உண்டு. இந்த இலக்கணத்தில் செய்தல், எறிதல், தோண்டி எடுத்தல் ஆகிய ஒவ்வொன்றும் தனி நிகழ்ச்சி. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே இடம், காலம், ஆள் உண்டு. காலத்தையும் ஒரே எண்ணாகச் சொல்ல வேண்டியதில்லை. 'நிச்சயமாக இந்த ஆண்டுகளில் நடந்துகொண்டிருந்தது', 'எப்படியும் இந்த எல்லைக்குள் நடந்திருக்க வேண்டும்' என்று உள்வரம்பையும் வெளிவரம்பையும் தனித்தனியே குறிக்கலாம்.

இரண்டாவது, இயற்கையும் பழைய மனிதரும் உண்டாக்கிய மண்ணடுக்கு வேறு, இன்று நாம் வெட்டியெடுக்கும் மண்ணின் அளவு வேறு என்று இது பிரிக்கிறது. மண்வெட்டி எப்போதும் அடுக்கின் எல்லையிலேயே நின்றுவிடுவதில்லை அல்லவா? ஒரு பொருள் மண்ணுக்குள் கிடந்த நிலைக்கும் இங்கே தனி வகை உண்டு. அதைப் 'புதைநிலை' என்று நாம் சொல்லலாம்.

மூன்றாவது, ஒரு முடிவை உண்மை என்று எழுதாமல், 'இன்னார் இன்ன ஆதாரத்தால் இவ்வாறு கருதினார்' என்று எழுத இது வழி செய்கிறது.

குறைகள்

முதல் குறை சுமை. 'குடுவை ஐந்தாம் அடுக்கில் கிடைத்தது' என்ற ஒரு வரியை இந்த இலக்கணப்படி முழுமையாக எழுதினால் வெட்டிய செயல், வெட்டப்பட்ட மண், அடுக்கு, புதைநிலை, கண்டெடுத்த நிகழ்ச்சி, குடுவை என்று ஆறு உறுப்புகள் கொண்ட சங்கிலியாகிவிடும். மாலை வெயிலில், மழை வருமுன் குழியை முடிக்க முயலும் களப்பணியாளரிடம் இதை எதிர்பார்ப்பது நடவாத காரியம்.

ஆகவே அவர் பழைய படிவத்திலேயே எழுதுகிறார். பிறகு அலுவலகத்தில் வேறொருவர் அதை இவ்விலக்கணத்துக்கு மாற்றுகிறார். இரண்டாவது குறையும் பெருங்குறையும் இங்கேதான் புகுகிறது. 'தரை அருகே' என்று குறிப்பில் இருந்தால், மாற்றுபவர் 'மேலே' என்று கொள்வதா, 'கீழே' என்று கொள்வதா? அவர் ஏதோ ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறார். அந்தத் தேர்வும் ஓர் ஊகமே. ஆனால் பல வேளைகளில் அதற்குப் பெயரும் இல்லை, நாளும் இல்லை. ஊகத்தையும் காட்சியையும் பிரிப்பதற்கென்றே பிறந்த முறையில், கையெழுத்தில்லாத ஓர் ஊகம் நுழைந்துவிடுகிறது.

மூன்றாவது குறை இல்லாமையைப் பற்றியது. இத்தகைய அமைப்புகளை இயக்கும் தருக்கத்தில், ஒன்று எழுதப்படவில்லை என்றால் அது இல்லை என்று பொருளல்ல; தெரியவில்லை என்றே பொருள். இது நியாயமான விதிதான். ஆனால் அகழ்வாய்வில் 'முழுதும் தேடினோம், தரைக்கு அடியில் குடுவை ஒன்றும் இல்லை' என்பது சிறந்த சான்று. அதை இங்கே எளிதாக எழுத முடிவதில்லை.

நாசஸுக்குப் பொருத்திப் பார்த்தால்

ஈவன்ஸின் காலத்தில் இம்முறை இருந்திருந்தால் வழக்கு தீர்ந்திருக்குமா? தீர்ந்திராது என்பதே என் கருத்து. மூன்று அடுக்குகளில் ஒவ்வொன்றும் மற்றொன்றுக்கு மேலே என்று வட்டமாக எழுதிவிட்டால், அது நடவாது என்று கணிப்பொறி காட்டிக் கொடுக்கும். முரண்பாடில்லாத தவறை அதனால் கண்டுபிடிக்க முடியாது. குடுவை எங்கே இருந்தது என்று அதற்குத் தெரியாது.

ஆனால் வேறொரு நன்மை விளைந்திருக்கும். சாதாரண அட்டவணையில் அக்குடுவைக்கு 'இடம்' என்று ஒரே கட்டந்தான். அதில் கடைசியாக எழுதியவரின் சொல்லே நிற்கும். புதிய முறையில், களத்தில் மெக்கன்சி எழுதியது ஒரு பதிவு. பிற்காலத்தில் ஈவன்ஸ் நூலில் கூறியது மற்றொரு பதிவு. இரண்டும் தத்தம் பெயரோடும் ஆண்டோடும் அருகருகே நிற்கும். 60 ஆண்டு கழித்து ஒருவர் பழைய நோட்டைப் புரட்டி அதிர்ச்சி அடைய வேண்டியிருந்திராது. நேர்மையான கருத்து மாற்றத்தை மோசடி என்று ஐயுறவும் தேவையிருந்திராது.

இந்நன்மை உண்மையில் கிடைக்கவேண்டுமானால் ஒரு நிபந்தனை உண்டு: மூலக் குறிப்பின் சொற்கள் அப்படியே பாதுகாக்கப்பட வேண்டும், அவற்றை இலக்கணத்துக்கு மாற்றியவரின் பெயரும் காரணமும் உடன் இருக்க வேண்டும். 2007 முதல் 2010 வரை பிரிட்டனில் நடந்த 'ஸ்டார்' திட்டத்தில், சில்செஸ்டர், ராண்ட்ஸ் முதலிய இடங்களின் வெவ்வேறு தகவல் தொகுதிகளை இம்முறையால் இணைத்து ஒருசேரத் தேடிக் காட்டினார்கள். இணைக்க முடியும் என்பது அங்கே மெய்ப்பிக்கப்பட்டது. இணைக்கும்போது எடுத்த முடிவுகளையும் வெளிப்படையாக வைப்பதே இனி வேண்டுவது.

சுருங்கச் சொன்னால், இந்த இலக்கணம் முழுவதையும் களத்தில் சுமக்கவேண்டியதில்லை. அதன் உள்ளக்கருத்தைச் சுமந்தால் போதும். மாணவ நண்பர்களே, நீங்கள் அகழ்வாய்வுக்குப் போனாலும், தாவரவியல் சுற்றுலாவுக்குப் போனாலும் உங்கள் குறிப்பேட்டின் பக்கத்தில் நடுவே ஒரு கோடு இழுங்கள். இடப்பக்கம் கண்டதை எழுதுங்கள். வலப்பக்கம் கருதியதை எழுதுங்கள். கருத்து மாறினால் பழையதை அழிக்காமல், புதியதை நாளிட்டுக் கீழே எழுதுங்கள். கணிப்பொறி பிறகு வந்து தன் வேலையைச் செய்துகொள்ளும்.