சேப்பாக்கமும் ஒரு தொண்ணூற்றேழும்

சேப்பாக்கம் என்று வாயெடுத்தால் பாதிப் பேர் 1986 செப்டம்பருக்குப் போய்விடுவார்கள். மணிந்தர் சிங், கிரெக் மாத்யூஸ், நடுவர் விக்ரம்ராஜு தூக்கிய விரல், டை. வெயிலில் வாந்தி எடுத்துக்கொண்டே 210 அடித்த டீன் ஜோன்ஸ். மீதிப் பாதி 1999 ஜனவரிக்குப் போகும். முதுகுவலியோடு சச்சின் 136, 12 ரன்னில் தோல்வி, பாகிஸ்தான்காரர்கள் மைதானத்தைச் சுற்றி வர, கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. இரண்டும் பெரிய ஆட்டங்கள்தாம். ஆனால் இரண்டுக்கும் பெருமை கடைசி அரைமணி நேரத்தில் வந்தது. யார் ஜெயித்தார்கள் என்பதே மறந்துபோன பிறகும் மனசில் நிற்கிற ஆட்டம் ஒன்றைக் காட்டு என்றால் நான் 1975 ஜனவரியைத்தான் காட்டுவேன். மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிரே குண்டப்பா விஸ்வநாத், ஆட்டமிழக்காமல் 97.

ஒரே இன்னிங்ஸைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறானே என்று நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. எங்கள் ஊர்ப் பக்கத்துக்காரன் வேறு எப்படி இருப்பான்? குற்றாலத்தில் ரசிகமணி டி.கே.சி. கம்பன் பாட்டு ஒன்றை எடுத்தால் ஒரு சாயங்காலம் முழுக்க அதே பாட்டுத்தான் என்பார்கள். நிறுத்தி, திரும்பச் சொல்லி, ஒரு சீரை மட்டும் மறுபடி சொல்லி, எதிரே இருப்பவர் முகத்தைப் பார்ப்பாராம். பத்தாயிரம் பாட்டு இருக்கிறதே என்று அவரிடம் யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். காவஸ்கர் காயத்தால் ஆடவில்லை. ஆண்டி ராபர்ட்ஸ் 64 ரன்னுக்கு 7 விக்கெட். 117-க்கு 8 பேர் வெளியே. அப்புறம் பேடி கொஞ்சம் தாங்கினார். கடைசியில் சந்திரசேகர். டெஸ்ட் வாழ்க்கை முழுவதிலும் 242 விக்கெட் எடுத்து 167 ரன் மட்டுமே அடித்த மகானுபாவர்! அவரை மறுமுனையில் வைத்துக்கொண்டு விஸ்வநாத் 97 வரைக்கும் போனார். சந்திரா ராபர்ட்ஸ் பந்தில் லாயிடிடம் கேட்ச் கொடுத்ததும் கணக்கு முடிந்தது. இந்தியா 190. அதில் பாதிக்கு மேல் ஒரே ஆள்.

ஸ்கோர் அவ்வளவுதான். நான் சொல்ல வந்தது அந்த ஸ்கொயர் கட்டை.

மற்ற மட்டையாளர்கள் கட் அடிக்க இடம் கேட்பார்கள். பந்து குட்டையாக விழ வேண்டும், ஆஃப் ஸ்டம்பை விட்டு ஒரு முழம் தள்ளி வர வேண்டும். விஸ்வநாத்துக்கு அரை முழம் போதும். சில நேரம் அதுவும் வேண்டாம். ஸ்டம்பை உரசிக்கொண்டு போகிற பந்து, கீப்பர் முர்ரே பிடிக்கக் கையைக் குவித்துவிட்டார், அப்போதுதான் மட்டை இறங்கும். வலது கால் பின்னால் போய் ஊன்றியிருக்கும். மணிக்கட்டு பந்தின் மேல் உருண்டு கவிழும், பந்து பாயிண்டுக்குப் பின்புறமாகத் தரையோடு தரையாய்ப் போகும். இதில் ஒரு நுணுக்கம் உண்டு. அவர் அஞ்சேகால் அடி மனிதர். மற்றவர்களுக்கு நெஞ்சுக்கு வருகிற பந்து அவருக்குத் தோளுக்கு வரும். அதைக் கீழ்நோக்கி அடிக்க வேண்டுமானால் நுனிக்காலில் எழும்பியாக வேண்டும்; எழும்பிய நிலையிலும் தலை ஆடக் கூடாது. இந்த லட்சணத்தில் ராபர்ட்ஸிடம் பௌன்சர் இரண்டு வேகத்தில் இருந்தது. மெதுவானதைக் காட்டி ஏமாற்றிவிட்டு அடுத்ததை விரட்டுவார். அந்த ஆளிடம் போய்த் தாமதமாகக் கட் அடிப்பது துணிச்சல் என்று எல்லாரும் எழுதிவிட்டார்கள். என்னைக் கேட்டால் அது செவி. பந்து வரும் தாளத்தைக் கேட்டுக்கொண்டு, சமத்துக்கு ஒரு இடம் தள்ளி எடுக்கிற பாடகரின் செவி.

நான் அதைப் பார்க்கவில்லை. தென்காசியில், எங்கள் தெருமுனைக் கடை ரேடியோவில் கேட்டதுதான். இங்கிலீஷ் வர்ணனை; எங்களில் பாதிப் பேருக்கு ஓட்டமும் விக்கெட்டும் மட்டும் புரியும். கடைக்கார அண்ணாச்சி காவஸ்கர் கட்சி. தலைவர் ஆடாத ஆட்டத்தில் அவருக்குச் சுரத்தே இல்லை. "ஏல, சந்திரசேகர் வந்துட்டாம்ல, ரேடியோவ அணைச்சிருவமா?" என்றார். அணைக்கவில்லை, அவ்வளவுதான் அவருடைய புண்ணியம். தமிழ் வர்ணனையெல்லாம் பின்னால் வந்தது. எண்பதுகளில் சாத்தான்குளம் அப்துல் ஜப்பார் குரலில் கேட்டபோது ஒரு கட் ஷாட்டுக்குள் இவ்வளவு தமிழ் இருக்கிறதா என்று இருந்தது. நம் பக்கத்து மனிதர் என்பதால் சொல்லவில்லை. பந்து போகும் வேகத்துக்கு வாக்கியத்தை முடிக்கத் தெரிந்த வர்ணனையாளர் அவர்.

அந்த அண்ணாச்சியின் கட்சி இன்றைக்கும் பலமாகத்தான் இருக்கிறது. 1983 டிசம்பர், இதே சேப்பாக்கம், காவஸ்கர் நான்காவதாக இறங்குகிறார், ஸ்கோர் பூஜ்யத்துக்கு இரண்டு விக்கெட், எதிரே மார்ஷல். ஆட்டமிழக்காமல் 236. பிராட்மனின் 29 சதங்களைத் தாண்டிய முப்பதாவது சதம். இதற்கு எதிரே 97-ஐ வைப்பதா என்று கேட்கிறார்கள். வைக்கலாம் என்கிறேன். 236 ஒரு கோட்டை. கல் கல்லாக எழும்பியது தெரியும், அண்ணாந்து பார்க்கலாம். ஆனால் அதிலிருந்து ஒரு ஷாட்டை மட்டும் பிரித்தெடுத்து, படுக்கும்போது மனசில் ஓட்டிப் பார்க்க முடிகிறதா? காவஸ்கரே தன் மகன் பெயரில் விஸ்வநாத்துக்கும் ஒரு பங்கு வைத்தார் – ரோஹன் ஜெய்விஸ்வா. என் கட்சிக்கு அவரே சாட்சி.

அந்த கட்டுக்குச் சேப்பாக்கமும் உடந்தை. அந்தக் காலத்து ஆடுகளத்தில் பந்து எழும்பும். வேகப்பந்துக்கும் எழும்பும், பிரசன்னாவின் சுழலுக்கும் எழும்பும். அந்த 1975 டெஸ்டில் பிரசன்னா முதல் இன்னிங்ஸிலேயே 5 விக்கெட் எடுத்தார், இந்தியா 100 ரன்னில் ஜெயித்தது. எழும்பாத களத்தில் கட் அடிப்பவன் பாதியில் போல்டு ஆகிவிடுவான். பிற்பகலில் கிழக்கே மெரினாவிலிருந்து கடல்காற்று ஏறும். எழும்புகிற பந்தும் ஈரக்காற்றும் உள்ள இடத்தில் மணிக்கட்டுக்காரர்கள் பிழைப்பார்கள், கைப்பலக்காரர்கள் திணறுவார்கள். 1979 பொங்கல் டெஸ்டைப் பாருங்கள். மறுபடி மேற்கிந்தியத் தீவுகள், இந்தியா 255, அதில் விஸ்வநாத் 124. நான்கு இன்னிங்ஸிலும் வேறு யாராலும் அந்த மாதிரி நிற்க முடியவில்லை. ஜெயிக்கத் தேவைப்பட்ட 125 ரன்னுக்கே இந்தியா 7 விக்கெட் கொடுத்தது.

பொங்கல் டெஸ்ட் என்ற வழக்கத்துக்கே பழைய வேர் உண்டு. மதராஸ் கிரிக்கெட் கிளப் 1846-இல் தொடங்கியது. ஆற்காடு நவாபின் சேப்பாக்கம் அரண்மனையை ஒட்டிய இந்த இடத்துக்கு 1865-இல் வந்தது. பெவிலியன் நிழல் வெள்ளைக்காரர்களுக்கு. இந்திய ஆட்டக்காரர்கள் மரத்தடியில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். அது பொறுக்காமல்தான் புச்சிபாபு நாயுடு 1888-இல் தனியாக ஒரு கிளப் தொடங்கினார் என்று சொல்வார்கள். அவர் மூட்டிவிட்ட ஐரோப்பியர்–இந்தியர் பிரசிடென்சி மேட்ச் அவர் காலமான பிறகு ஆண்டுதோறும் பொங்கலுக்கு நடக்கத் தொடங்கியது. ஆக, ஜனவரி வந்தால் சேப்பாக்கத்துக்குப் போவது என்ற பழக்கம் டெஸ்டுக்கும் முந்தியது. 1934 பிப்ரவரியில் ஜார்டின் அணி இங்கே முதல் டெஸ்ட் ஆடியது. அந்த நவம்பரில் முதல் ரஞ்சி ஆட்டம், ஏ.ஜி. ராம்சிங் 11 விக்கெட், மைசூர் ஒரே நாளில் முடிந்தது. 1952-இல் வினூ மன்கட் 12 விக்கெட் எடுத்து இந்தியாவுக்கு முதல் டெஸ்ட் வெற்றியை வாங்கிக் கொடுத்ததும் இங்கேதான். இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததே.

நான் கண்ணால் பார்த்தது 1982 பொங்கல் டெஸ்ட். கொல்லம் மெயிலில், மீட்டர்கேஜ் கரியும் தூசியுமாக எழும்பூரில் இறங்கி, திருவல்லிக்கேணியில் ஒரு சொந்தக்காரர் அறையில் பையைப் போட்டுவிட்டு ஓடினேன். சிமெண்ட் படியில் உட்கார்ந்தால் கண்ணுக்கு நேரே ஒரு தூண். தலையை இந்தப் பக்கம் சாய்த்தால் பந்து வீசுபவர், அந்தப் பக்கம் சாய்த்தால் அடிப்பவர். அப்படிப் பார்த்ததுதான் விஸ்வநாத்தின் 222. வெங்சர்க்கார் அடிபட்டு வெளியே போக, யஷ்பால் சர்மா வந்து நின்றார். மறுநாள் முழுக்க ஒரு விக்கெட் விழவில்லை. போத்தம், வில்லிஸ், அண்டர்வுட் எல்லாரும் வீசி வீசி ஓய்ந்தார்கள். பக்கத்திலிருந்த மயிலாப்பூர் மாமா ஒருவர் ஒவ்வொரு கட்டுக்கும் தொடையில் தட்டினார், கை மட்டும் தட்டவில்லை. சபாவில் உட்கார்ந்த பழக்கம் போலிருக்கிறது. ஆனாலும் சொல்கிறேன், 222-இல் சாவகாசம் இருந்தது. 97-இல் இருந்தது வேறு. நான் பார்த்ததைவிடக் கேட்டதே உயர்ந்தது என்று சொல்லும் துணிச்சல் எனக்கு இப்போதுதான் வந்திருக்கிறது.

லண்டனில் இருக்கும் நண்பர் ஒருவர் லார்ட்ஸைத் தவிர மற்றதெல்லாம் வயல்காடு என்பார். வடக்கிலிருந்து தெற்கே எட்டடிச் சரிவு, 1890-இல் கட்டிய பெவிலியன், காலக்கிழவன் காற்றுத்திசைகாட்டி எல்லாம் வரிசையாக வரும். சரி. அதே 1979-இல் விஸ்வநாத் லார்ட்ஸில் போய் 113 அடித்தார், வெங்சர்க்காரோடு நின்று, முதல் இன்னிங்ஸில் 96-க்குச் சுருண்ட அணியைக் காப்பாற்றினார். நண்பர் அதைத்தான் உயர்ந்தது என்கிறார். அது காப்பாற்றிய ஆட்டம், 97 ஜெயிக்க வைத்த ஆட்டம் என்று நான். இது இன்னும் முடியவில்லை. ஒன்றில் மட்டும் இருவருக்கும் சமாதானம். லார்ட்ஸில் மவுண்ட் ஸ்டாண்டுக்கு 1987-இல் கூடாரத்துணிக் கூரை போட்ட ஹாப்கின்ஸ் நிறுவனம்தான் 2011 உலகக்கோப்பைக்காகச் சேப்பாக்கத்தையும் மாற்றிக் கட்டியதில் பங்கெடுத்தது. தூண்கள் போயின. கம்பிவடத்தில் இழுத்துக் கட்டிய வெள்ளைத்துணிக் கூம்புகள் வந்தன. படிகள் 36 டிகிரிச் சரிவில் ஏறுகின்றன. ஸ்டாண்டுகளுக்கு இடையே இடைவெளி விட்டதால் கடல்காற்று உள்ளே வருகிறது. இதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. எங்கே உட்கார்ந்தாலும் ஆட்டம் முழுசாகத் தெரிகிறது.

ஆட்டம்தான் இல்லை. ஐ, ஜே, கே ஸ்டாண்டுகள் 2012 தொடங்கி அனுமதிச் சிக்கலில் பல வருஷம் பூட்டிக் கிடந்தன. தொலைக்காட்சியில் அந்தப் பக்கம் காமிரா திரும்பினால் பல் விழுந்த வாய். அதுவாவது தீர்ந்தது. தீராதது பொங்கல். 1988-இல் ஹிர்வானி முதல் டெஸ்டிலேயே 16 விக்கெட் எடுத்தாரே, அதற்குப் பிறகு சேப்பாக்கத்தில் பொங்கலுக்கு டெஸ்ட் கிடையாது. 2016 டிசம்பர், கருண் நாயர் 303. 2021 பிப்ரவரி. 2024 செப்டம்பர், 144-க்கு 6 விக்கெட் போன பிறகு வந்து அஸ்வின் அடித்த 113. நடுவே நடுவே வருஷக்கணக்கில் பாலைவனம். மற்ற நாளெல்லாம் மஞ்சள் சட்டை. மஞ்சள்மேல் எனக்குப் பகை இல்லை, தோனியும் கெட்டிக்காரர்தான். ஆனால் ஒவ்வொரு பந்துக்கும் ஒலிபெருக்கியில் மேளம் அடித்தால் மட்டையில் பந்து படும் சத்தம் எங்கே கேட்கும்? நல்ல கட் ஷாட்டுக்கு ஒரு தனிச் சத்தம் உண்டு. சுள்ளி முறிகிற மாதிரி, சுருக்கமாக. ரேடியோவில் வர்ணனையாளர் வாயைத் திறக்குமுன் அது கேட்கும். அதை வைத்தே நாங்கள் நாலு ரன் என்று சொல்லிவிடுவோம்.

எங்களுக்குக் கிட்டத்து மைதானம் திருநெல்வேலிக்கு அந்தப் பக்கம், சங்கர் நகரில் இந்தியா சிமெண்ட்ஸ் மைதானம். 2016 முதல் டி.என்.பி.எல். ஆட்டங்கள் அங்கே நடந்திருக்கின்றன, அதுவும் எங்கள் சாரல் மாதங்களில். மேற்கே மலைமேல் மேகம் கவிந்து கிடக்கும். காற்றுக்குப் பந்து தள்ளாடும். கட் அடிக்க வாகான சூழ்நிலை. பையன்கள் என்ன செய்கிறார்கள்? குட்டையாக வரும் பந்துக்கு முன்காலை லெக் பக்கம் விலக்கி, தேர்டு மேனுக்கு மேலே தூக்கிவிடுகிறார்கள். ஆறு போகிறது. ஆறு நாலைவிடப் பெரிது என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்திருப்பார்கள்.

சேப்பாக்கத்தில் இப்போது ஸ்டாண்டுகளுக்குப் பெயர் வைக்கும் காலம். 2023 மார்ச்சில் கலைஞர் பெயரில் ஒன்று திறந்தார்கள். அவர் கிரிக்கெட் பார்த்த மனிதர், பொருத்தம்தான். விஸ்வநாத் பெயரில் ஒன்று வேண்டும் என்று நான் சொன்னால், அவர் கர்நாடகக்காரர் ஆயிற்றே, பெங்களூரில் வைத்துக்கொள்ளட்டும் என்கிறார்கள். 97, 124, 222 மூன்றும் இங்கே அடித்தவை. பாயிண்டுக்குச் சற்றுப் பின்னால், பந்து போய் எல்லைக்கோட்டில் மோதும் திசையில் இருக்கும் ஸ்டாண்டைக் கொடுக்கட்டும். ஓவருக்கு ஓவர் முனை மாறும், பாயிண்டும் எதிர்ப்பக்கம் போய்விடும் என்று அந்த லண்டன் நண்பர் சட்டம் பேசினார். அப்படியானால் இரண்டு ஸ்டாண்டு.