அறிகனவும் மருந்தும்

கனவு காண்பான் அக்கனவினிடத்திருந்தே ‘ஈது கனவு’ எனத் தெளிதல் சிலர்பால் நிகழ்வதுண்டு. அதனை ஈண்டு அறிகனவு என்போம். ‘அறிதுயில்’ எனின் பொருந்தாது. அச்சொல் திருமாலின் யோகத் துயிலுக்கு உரியதாய் நின்றமையின். ஒல்லாந்து நாட்டு வான் ஈடன் என்பார் 1913இல் இந்நிகழ்ச்சிக்கு ஆங்கிலத்திற் பெயரிட்டு எழுதினார். 1975இல் இங்கிலாந்தில் கீத் ஹெர்ன் என்பார், துயில்வோன் ஒருவன் முன்னரே குறித்த கண்ணசைவினால் கனவினுள்ளிருந்து குறிகாட்டியதைக் கருவியிற் பதிவு செய்தார். ஆகலின் இந்நிகழ்ச்சி உண்டென்பதில் ஐயமில்லை. மருந்துண்டு இதனை வருவிக்கலாம் என்பர் ஒரு சாரார். அங்ஙனம் வருவது துரியநிலையே என்பர் மற்றொரு சாரார். முன்னையோர் கூற்று ஆராயத்தக்கது. பின்னையோர் கூற்று மறுக்கத்தக்கது.

மருந்துகளுள் முதன்மையாகச் சொல்லப்படுவது காலன்டமின். மூளையிலுள்ள அசிடைல்கோலின் என்னும் பொருள் விரைந்து சிதையாதபடி தடுப்பது இதன் தொழில். நினைவு தளரும் அல்சைமர் நோயினர்க்குரிய மருந்தாக அமெரிக்க அரசு 2001இல் இதற்கு இசைவளித்தது. லபெர்ஜ் முதலியோர் 2018இல் வெளியிட்ட சோதனையில் 121 பேர் கலந்துகொண்டனர். அவர்கள் நாலரை மணி நேரம் துயின்றபின் எழுந்து மருந்துண்டு, அரைமணிக்குக் குறையாது விழித்திருந்து, கனவில் தெளிவு பெறுதற்குரிய மனப்பயிற்சியோடு மீளத் துயின்றனர். 8 மில்லிகிராம் உண்ட இரவில் நூற்றுக்கு 42 பேரும், 4 மில்லிகிராம் உண்ட இரவில் 27 பேரும், மருந்தில்லாப் போலி மாத்திரை உண்ட இரவில் 14 பேரும் அறிகனவு கண்டதாகக் கூறினர்.

இவ்வெண்களை ஊன்றி நோக்குக. மிகுந்த அளவு உண்டபோதும் நூற்றுக்கு 58 பேர்க்கு அது கைகூடிற்றிலது. ஒன்றும் உண்ணாத இரவிலும் 14 பேர்க்குக் கைகூடிற்று. சோதனைக்கு வந்தோரும் கனவினை நினைவிற்கொள்ளும் வழக்கமும் இதன்கண் வேட்கையும் உடையவர்கள். ஆதலின் மருந்து துணைக்காரணமாதல் பெறப்படுமன்றி, அதுவே காரணம் என்பது பெறப்படாது. பி6 என்னும் உயிர்ச்சத்தோ இன்னும் தாழ்ந்தது. 2018இல் ஆஸ்திரேலியரான ஆஸ்பி முதலியோர் 240 மில்லிகிராம் கொடுத்து நோக்கியபோது, கனவு நினைவில் நிற்றலே மிகுந்தது. அச்சத்தும் பேரளவில் நெடுநாள் உண்ணின் நரம்பினைக் கெடுக்கும். காலன்டமின் குமட்டலும் வாந்தியும் தருவதோடு இதயத்துடிப்பினைத் தாழ்த்தவும் வல்லது.

இனித் துரியம் என்பார் கூற்றினை நூன்முறையான் ஆராய்வாம். கீழாலவத்தையில் சாக்கிரத்திற் புருவநடுவே தொழிற்படும் கருவிகள் 35. சொப்பனத்தில் ஞானேந்திரியம் ஐந்தும் கன்மேந்திரியம் ஐந்தும் நீங்க, கண்டத்தில் நிற்பன 25. சுழுத்தியில் சித்தமும் பிராணனும் புருடனுமாக 3. துரியத்தில் பிராணனும் புருடனுமாக 2. அதீதத்தில் புருடன் ஒன்றே. அறிகனவு காண்பானுக்குக் காட்சியுண்டு, பேச்சுண்டு, ‘ஈது கனவு’ என நிச்சயிக்கும் புத்தியுண்டு. அந்தக்கரணம் நான்கும் இயங்காநிற்க, இரண்டே கருவிகள் எஞ்சும் துரியம் ஆண்டு எங்ஙனம் கூடும்? அது சொப்பனத்துட் புத்தி சிறிது விளங்கி நிற்றலேயாம். அற்றன்று, நின்மலாவத்தையின் துரியம் எனின், அது குருவருளால் மலவலி தேய்ந்தார்க்கு நனவின்கண் வைத்தே நிகழ்வது. கண்டத்தில் நிகழும் கனவிற்கு அதனோடு இயைபில்லை.

மருந்து தொடுவது எதனை என்பதற்கு ஊமத்தையே சான்று. அதன் நஞ்சு அசிடைல்கோலின் தொழிலைத் தடுப்பது. காலன்டமினோ அப்பொருளை நிலைநிறுத்துவது. ஊமத்தை உண்டவன் விழித்திருந்தே இல்லாதன கண்டு மெய்யெனக் கொண்டு பிதற்றுவான்; மற்றதனை உண்டவன் துயின்றிருந்தே கனவினைக் கனவென்று அறிதல் கூடும். இரண்டும் ஒரு கருவியையே இருதலையாகத் திருப்புவன. சிவபிரான் சூடும் மலர் என்பதுகொண்டு ஊமத்தையை உண்ணத் துணிதல் உயிர்க்கே இறுதியாம்.

மாயையின் காரியமாகிய மருந்து, மாயையின் காரியமாகிய கருவியைக் கூர்மையாக்குதல் வியப்பன்று. இதுகொண்டு ‘அறிவே மூளையின் விளைவு, உயிரென ஒன்றில்லை’ என்பாரும், ‘மருந்தே ஞானம் தரும்’ என்பாரும் ஒரு பிழையையே இருவகையாற் கூறுகின்றனர், கருவியைக் கருத்தாவெனக் கொள்ளுதலே அப்பிழை. விளக்கின் திரியைத் தூண்டினால் ஒளி மிகும், காண்பான் திரியாகான். எம் மோகனூர்ச் சிவபெருமானுக்கு அசலதீபேசுவரர் என்பது திருநாமம். அசையா விளக்குடைய ஈசர் என்பது பொருள். அசையும் ஒளிகளைக் கொண்டு அசையா ஒளியை அளத்தல் ஆகாதென அப்பெயரே உணர்த்தும்.

ஹெர்ன் சோதனையிலோ நமக்கொரு பயனுண்டு. நனவிற் குறித்தவனும், கனவில் அதனை நினைந்து கண்ணசைத்தவனும், விழித்தபின் உரைத்தவனும் ஒருவனே. சிவஞானபோதம் மூன்றாஞ் சூத்திரத்துச் சூக்கும உடலே உயிரென்பாரை மறுக்கும் நியாயத்திற்கு இஃது இக்கால எடுத்துக்காட்டாகும். எனினும் அந்நியாயம் இதனை வேண்டி நிற்பதன்று. கனாக்கண்டேன் என்று காலையிற் கூறும் சிறுவனே அதற்குப் போதிய சான்று.

துயிலாது துயிலும் சுகத்தைப் பத்திரகிரியார் மெய்ஞ்ஞானப் புலம்பலில் வேண்டினாரன்றோ எனின், அவர் வேண்டியது கரணம் ஓய்தலை. கரணம் கனவில் விளையாடுதலை அன்று. மயக்கும் பொருளுண்டு பேரின்பம் தேடுவாரைத் திருமூலர் முதற்றந்திரத்துக் கள்ளுண்ணாமை அதிகாரத்தில் மறுத்ததும் இக்கருத்தினாலாம்.

ஆகலின் அறிகனவினை ஒரு மனவியல் நிகழ்ச்சியாக ஆராய்வாரை நாம் தடுப்பதற்கில்லை. நோயின்றியே மருத்துவர் அறியாமல் இம்மருந்துகளை வாங்கியுண்டு, கண்ட கனவினை அனுபூதியெனக் கொண்டாடும் இளைஞர்க்கு நாம் கூறுவது இதுவே: கனவினைக் கனவென அறிந்தும் கனவிலேயே நிற்கின்றீர், நனவில் நான் எனது என்பவற்றை அவ்வாறே அறிந்து நீங்குதற்கு மாத்திரை இல்லை.