‘ஈனி’ என்னும் கலைச்சொல்: ஓர் ஆய்வு

ஒரு கலைச்சொல்லின் தகுதியை அகராதி கொண்டு மட்டும் துணிதல் இயலாது. அது சுட்டும் பொருளின் இயல்பையும் உடன்வைத்து நோக்கல் வேண்டும். அணைவு வேதியியல் பற்றிய தமிழ்ப் பாடநூல்கள் ‘லிகண்டு’ என்பதற்கு வழங்கும் ‘ஈனி’ என்னும் சொல்லை அம்முறையில் ஈண்டு ஆராய்வோம். திருவள்ளூர் மாவட்டத்துப் பள்ளிகளில் தமிழ்வழிப் பயின்று, கும்மிடிப்பூண்டிச் சிப்காட் தொழில் வளாகத்து ஆலைகளில் பணிபுகும் மாணாக்கர்க்கு இத்துறையின் வாயில் இத்தகைய சொற்களே. வாயில் குறுகின் அறிவும் குறுகும்.

ஆல்பிரடு ஸ்டாக் 1916-இல் ‘லிகண்டு’ என்னும் பெயரைக் கட்டுதற்பொருள் தரும் இலத்தீன் வேரினின்று அமைத்தார். தமிழ்ச்சொல்லோ ‘ஈன்’ என்னும் பகுதியும் ‘இ’ என்னும் விகுதியும் பெற்று, ஈனுவது எனப் பொருள்படும். பயில்வோர் இதனை ஈதலோடு சார்த்தி, எலக்ட்ரான் இணையைக் கொடுப்பது என்று கொள்ளுதல் இயல்பே. அம்மோனியாவிற்கு இவ்விளக்கம் பொருந்தும்; அதன் நைட்ரசன் தன் இணையை உலோகத்திற்குக் கொடுத்தலோடு அமைகின்றது.

பாஸ்பீன்கள் சேர்ந்த பிளாட்டின அணைவுகளில் நிலை வேறு. பாஸ்பரசு தன் தனி இணையைப் பிளாட்டினத்திற்குத் தருகின்றது; பிளாட்டினமும் தன் எலக்ட்ரான் செறிவில் ஒரு பகுதியைப் பாஸ்பீனுக்கு மீளத் தருகின்றது. கொடையும் கொளலும் உடன் நிகழ்கின்றன. மேலும், ஒரு பாஸ்பீனின் பிணைப்பு எதிரிருப்பதையும் பொறுத்தது. இரு குளோரினும் இரு டிரை எத்தில் பாஸ்பீனும் கொண்ட சதுரத் தள அணைவில், பாஸ்பீனுக்கு எதிரே குளோரின் இருப்பின், அணுக்கருக் காந்த ஒத்ததிர்வில் பிளாட்டினத்திற்கும் பாஸ்பரசுக்கும் உள்ள பிணைவு மாறிலி ஏறத்தாழ 3500 ஹெர்ட்சு. எதிரே மற்றொரு பாஸ்பீன் இருப்பின் ஏறத்தாழ 2400 ஹெர்ட்சு. தனித்து நின்று கொடுப்பது என்னும் விளக்கம் இவ்வுறவைக் காட்டாது மறைக்கின்றது.

ஆயின் இச்சொல்லைக் களைதல் வேண்டுமோ எனின், வேண்டா என்பதே எம் முடிபு. ஈ, தா, கொடு என்னும் மூன்றனையும் இரப்போன் நிலை நோக்கி வேறுபடுத்தினார் தொல்காப்பியர். கொடைச்சொல்லில் இருவர்தம் உறவையும் காணுதல் தமிழ் மரபிற்குப் புதிதன்று. முள்ளுடையன எல்லாம் முள்ளி எனப் பெயர் பெறாவாறுபோல, ஈனியும் காரண இடுகுறிப் பெயராய் நிற்கலாம். திருத்தம் வேண்டுவது விளக்கத்திற்கே: ‘உலோகத்திற்கு எலக்ட்ரான் இணையை வழங்கிப் பிணைவதும், சிலவிடத்து அதனிடமிருந்து மீளப் பெறுவதும் ஆகிய மூலக்கூறு அல்லது அயனி’ என நூலாசிரியர் எழுதுவாராயின், சொல் நிலைக்கும், பொருளும் விளங்கும்.