பொறி வேறு, கேஸ் வேறு

"தம்பி, அடுப்பு பத்த மாட்டேங்குதுடா" என்று இராஜபாளையத்திலிருந்து அக்கா போன் பண்ணியபோது காலை ஆறரை மணி. மூன்று பர்னர், கண்ணாடி மேல்தளம், நாபைத் திருகினால் தானே பொறி வரும் ரகம். வாங்கி ஒன்றரை வருடம்தான் ஆகிறது. முந்தின நாள் வந்து பார்த்தவர், "உள்ளே இருக்கிற செட்டையே மொத்தமா மாத்தணும்" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ்ஸில் அரை மணி நேரம். பஞ்சு மார்க்கெட்டில் இறங்கி, டீக்கடையில் ஒரு தீப்பெட்டி வாங்கிக்கொண்டேன். நான் கொண்டுபோன கருவி அது ஒன்றுதான்.

கேஸ் நாற்றம் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, ஜன்னலைத் திறந்து வைத்து, குச்சியைக் கிழித்துப் பர்னர் ஓரமாகப் பிடித்தபடி நாபைத் திருகினேன். இடது பர்னர் குப்பென்று பிடித்து நீலமாக எரிந்தது. நடுவில் இருந்ததும் அப்படியே. வலது பர்னரில் மட்டும் பாதி வட்டத்துக்குத்தான் தீ ஓடியது. மீதிப் பாதி இருட்டு.

ஒரே குச்சியில் வழக்கு இரண்டாகப் பிரிந்துவிட்டது. முதல் இரண்டு பர்னர்களுக்கு கேஸ் ஒழுங்காக வருகிறது, பொறிதான் வரவில்லை. மூன்றாவதில் பொறி வந்திருந்தாலும் பாதிதான் எரிந்திருக்கும். மூன்றுக்கும் ஒரே நேரத்தில் பொறி நின்றுபோனால் மூன்றுக்கும் பொதுவான ஒன்று போயிருக்க வேண்டும். அடுப்பின் அடியில் கை விட்டால் ஒரு சின்னப் பெட்டி. அதற்குள் 1.5 வோல்ட் பேட்டரி ஒன்று, பச்சை பூத்து, வழிந்துபோய்க் கிடந்தது. "அடுப்புக்குள்ள பேட்டரியா?" என்று அக்கா கேட்டாள். விற்றவர் அதைச் சொல்லவில்லை. மாற்றவேண்டும் என்று சொன்னவரும் அதைத் திறந்து பார்க்கவில்லை.

இந்த ஒரு சம்பவத்தை வைத்துத் தானாகப் பற்றும் அடுப்புக்குத் தீர்ப்பு எழுதிவிட முடியாது; பேட்டரி தீர்வது அடுப்பின் குற்றமாகாது. ஆனால் அதிகக் காசு கொடுத்து அதை வாங்குவது நம் ஊர் வீடுகளுக்குத் தகுமா என்ற கேள்வியை அது கிளப்பிவிட்டது. கடைக்காரர்கள் சொல்லும் காரணங்களையே எடுத்து நிறுத்துப் பார்க்கலாம்.

முதல் காரணம் வசதி. இதை மறுக்க மாட்டேன். மூட்டுவலி உள்ள விரல்களுக்கு லைட்டரை அமுக்குவது சிரமம். இடுப்பில் குழந்தை இருந்தால் ஒரு கைதான் மிச்சம். அப்படிப்பட்ட வீட்டில் நாபைத் திருகினால் எரியும் அடுப்பு ஆடம்பரமாகாது.

இரண்டாவது, பாதுகாப்பு. இங்கேதான் கொஞ்சம் நிற்கவேண்டும். வாயு திறக்கும் கணத்திலேயே பொறியும் வருவதால் கசிந்து தேங்க நேரமில்லை என்கிறார்கள். எல்லாம் ஒழுங்காக இருக்கும்வரை அது சரி. லைட்டரைத் தேடிக்கொண்டே நாபைத் திறந்து வைப்பவர்களை நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் பொறி வராத நாளில் என்ன நடக்கிறது? லைட்டர் வேலை செய்யவில்லை என்றால் நாபை மூடிவிட்டுத் தீப்பெட்டியைத் தேடுகிறோம். தானாகப் பற்றும் அடுப்பில் கை நாபை விடுவதே இல்லை. திருப்பி, மறுபடி திருப்பி, "இதோ பிடிச்சிரும்" என்று ஏழெட்டுத் தடவை திருகுகிறோம். ஒவ்வொரு திருகலிலும் கேஸ் வந்துகொண்டே இருக்கிறது. நம் சிலிண்டரில் இருக்கும் எல்.பி.ஜி. காற்றைவிடக் கனமானது, மேலே போகாமல் மேடைக்கடியில் இறங்கித் தங்கும். காற்றில் நூற்றுக்கு ஏறக்குறைய இரண்டு பங்கு கலந்தாலே தீப்பிடிக்கும். எட்டாவது திருகலில் பொறி வந்தால் கைமுடி கருகுவது குறைந்தபட்ச நஷ்டம். ஆகவே பாதுகாப்பு என்ற வாதம் அடுப்பு புதிதாக இருக்கும்வரை விற்பவர் பக்கம். பழுதான அன்றைக்கு எதிர்ப்பக்கம்.

மூன்றாவது, உழைப்பு. இதில் எனக்குத் தயக்கமே இல்லை. பொறி விடும் கம்பி பர்னரை ஒட்டியே நிற்கவேண்டும். முனைக்கும் பர்னருக்கும் இடையே சில மில்லிமீட்டர்தான். பால் பொங்கினால் முதலில் நனைவது அது. தாளிப்பு எண்ணெய் தெறிப்பதும், ராத்திரி மேடை துடைக்கிற ஈரத்துணி படுவதும் அதன்மேல்தான். கம்பியைச் சுற்றியுள்ள வெள்ளைப் பீங்கான் நனைந்திருந்தால் மின்சாரம் பர்னருக்குத் தாவாமல் ஈரத்தின் வழியே அடுப்பின் உடம்புக்குள் இறங்கிவிடும். டிக் டிக் சத்தம் கேட்கும், பொறி தெரியாது. உலரவிட்டால் சரியாகிவிடும், பீங்கானில் கீறல் விழுந்திருந்தால் ஆகாது. அடுப்பிலேயே அதிகம் சூடும் அழுக்கும் படும் இடத்தில் மிக மென்மையான பாகத்தை வைத்திருக்கிறார்கள். வேறு இடத்தில் வைக்கவும் முடியாது. அதுதான் இந்த வடிவத்தின் குறை.

ஆணியில் தொங்கும் லைட்டரைப் பாருங்கள். உள்ளே கேஸும் இல்லை, பேட்டரியும் இல்லை. அமுக்கினால் ஸ்பிரிங் ஒரு குட்டிச் சுத்தியலை விடுவிக்கிறது. அது படிகத் துண்டு ஒன்றின் மேல் மோதுகிறது. பல ஆயிரம் வோல்ட் எழுந்து முனையில் பொறியாகத் தாவுகிறது. அழுத்தினால் மின்சாரம் தரும் இந்தப் படிகக் குணத்தை 1880இல் கண்டவர்கள் ஜாக், பியேர் கியூரி சகோதரர்கள். அந்த ஆய்வகச் சமாச்சாரம் இன்றைக்குச் சீப்பு, கண்ணாடி விற்கும் பாத்திரக்கடையில் தொங்குகிறது. பாலும் எண்ணெயும் எட்டாத இடத்தில் இருப்பதால் வருடக்கணக்கில் வரும். போனால் தூக்கிப் போட்டுவிட்டு வேறொன்று வாங்கலாம்; அடுப்பைக் கவிழ்க்கவோ ஆளைக் கூப்பிடவோ தேவையில்லை.

தீப்பெட்டியையும் தராசில் வைக்காமல் விட்டால் சிவகாசிக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு நியாயமாகாது. 1922இல் ஐய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தொழில் கற்று வந்து தொடங்கியது அந்த ஊர்த் தீப்பெட்டி. பதினான்கு வருடம் ஒரு ரூபாயாக இருந்த பெட்டி 2021 டிசம்பரில்தான் இரண்டு ரூபாய் ஆனது. மலிவு லைட்டர் இறக்குமதியால் தொழில் நசிகிறது என்று இங்கிருந்து எழுந்த குரலுக்குப் பிறகு, 2023இல் இருபது ரூபாய்க்குக் குறைந்த சிகரெட் லைட்டர்களை இறக்குமதி செய்ய மத்திய அரசு தடை போட்டது. அந்தச் சண்டை எரிபொருள் அடைத்த பாக்கெட் லைட்டரோடு. சமையலறை லைட்டர் அதில் சேராது. ஊர்ப் பாசம் இருந்தும் தினசரி அடுப்புக்குத் தீக்குச்சியைச் சிபாரிசு செய்ய மாட்டேன். ஐப்பசி அடைமழையில் பெட்டி நமுத்துப்போகும், விரல் சுடும், கரிந்த குச்சி பர்னர் தட்டில் விழும். ஆனால் பரிசோதனைக்கு அதைவிட நல்ல கருவி கிடையாது. குச்சியில் பிடித்தால் பொறியில் கோளாறு. குச்சியிலும் பிடிக்கவில்லை என்றால் கேஸ் வரும் வழியில் கோளாறு. ஒன்று மட்டும்: கசிவு பார்க்கக் குச்சி கிழிக்கக் கூடாது. அதற்குச் சோப்புத் தண்ணீர். நாற்றம் அடித்தால் எந்தச் சுவிட்சையும் தொடாமல் ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்து, வெளியே வந்து 1906க்குப் போன்.

கேஸ் வழியில் கோளாறு என்றால் பெரும்பாலும் எளிய காரணங்கள்தான். சிலிண்டர் மாற்றிய முதல் சில நொடிகள் ட்யூபில் இருக்கும் காற்று வரும். சிலிண்டர் தீர்ந்ததா என்று சந்தேகமாக இருந்தால் ஈரத்துணியால் துடைத்துப் பாருங்கள். காலியான மேல்பகுதி சீக்கிரம் உலரும், திரவம் உள்ள பகுதி ஈரமாகவே நிற்கும். ட்யூப் மடங்கியிருக்கலாம். அதற்கு ஆயுள் ஐந்து வருடம், தேதி அதன்மேலேயே அச்சிட்டிருக்கும். எத்தனை வீடுகளில் அதைப் படித்திருக்கிறார்கள் என்று கேட்காமல் இருப்பது நல்லது.

மிச்சமிருப்பது பர்னர். அக்கா வீட்டு வலது பர்னரில்தான் தினமும் பால் காய்கிறது. பால்கோவாவுக்குப் புவிசார் குறியீடு வாங்கிய ஊரில் பிறந்தவள். பாலைச் சுண்டக் காய்ச்சாமல் இருக்க மாட்டாள். பொங்கி வழிந்த பால் பர்னர் துளைகளில் இறங்கிக் கரிந்து, பல்லில் காரை பிடித்ததுபோல் இறுகிவிடும். பித்தளைப் பர்னர் என்றால் வைத்தியம் நம் வீட்டிலேயே இருக்கிறது: ஆறியபின் கழற்றி, சுடுதண்ணீரில் புளி கரைத்து ஊறவைத்து, தேங்காய் நாரால் தேய்த்து, துளைதோறும் ஈர்க்குச்சி விட்டுக் குத்தி, வெயிலில் நன்றாகக் காயவைத்துப் போடவேண்டும். திரும்ப வைக்கும்போது அதன் பள்ளத்தில் சரியாக உட்காரவில்லை என்றாலும் எரியாது. பலர் ரிப்பேர்காரருக்குக் காசு கொடுப்பது இந்த ஒரு திருப்பலுக்குத்தான்.

பர்னருக்குக் கீழே கேஸ் வரும் ஜெட்டை மட்டும் ஊசியால் குத்தாதீர்கள். ஒரு மில்லிமீட்டருக்கும் சிறிய துளை அது. பித்தளை மெது, ஊசி பட்டால் பெரிதாகிவிடும். அப்புறம் மஞ்சள் தீ, பாத்திர அடியில் கரி, சீக்கிரமே தீரும் சிலிண்டர். இது தெரிந்த ஆள் செய்யவேண்டிய வேலை.

வசதியைத் தவிர, தானாகப் பற்றும் அடுப்பை முழுவதும் ஒதுக்காமல் இருக்க எனக்கு இன்னும் ஒரு காரணம் உண்டு. சில அடுப்புகளில் தீ அணைந்தால் வாயுவைத் தானே நிறுத்தும் அமைப்பு இருக்கிறது. தீயின் சூட்டை உணரும் ஒரு கம்பி, சூடு போனதும் வால்வை மூடிவிடும். ஆடிக் காற்றில் ஜன்னல் திறந்த சமையலறைக்கு அது உண்மையான காவல். அந்த ரகத்தில் நாபை விட்டதும் தீ அணைந்தால் பயப்பட வேண்டாம். சில நொடி அமுக்கிப் பிடித்தால் நிற்கும். அப்படியும் நிற்கவில்லை என்றால் அந்தக் கம்பியைத் துடைக்கவோ மாற்றவோ வேண்டும்.

ஆகவே என் தீர்ப்பு: கூடுதல் காசு இருந்தால் தீ அணைந்தால் அடைக்கும் வால்வுக்குக் கொடுங்கள், பொறிக்குக் கொடுக்க வேண்டாம். விரல் வலியோ கைக்குழந்தையோ இல்லாத வீட்டுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரையும் பித்தளைப் பர்னரும் உள்ள சாதாரண அடுப்பும், ஆணியில் ஒரு லைட்டரும் போதும். ஏற்கெனவே தானாகப் பற்றும் அடுப்பு வாங்கிவிட்டவர்கள் இரண்டு திருகலில் பிடிக்கவில்லை என்றால் நாபை மூடிவிட்டு, ஜன்னலைத் திறந்து, கொஞ்சம் பொறுத்து லைட்டரை எடுங்கள். செட்டை மாற்றச் சொல்பவரிடம் பணம் கொடுக்குமுன் அடுப்புக்கு அடியில் ஒரு தடவை கை விட்டுப் பாருங்கள்.